வேர்க்காத கிளாஸ்

ஓட்டலில் அவருக்கு 'ஐஸ்கட்டி' என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாக அங்கே மது கலந்து கொடுப்பவர். யார் எதைக் கேட்டாலும் கிளாஸில் முதலில் விழுவது ஐஸ்தான். அந்தப் பழக்கமே வீட்டில் அவர் குடியைக் கெடுத்தது.

மகள் கல்யாணமாகிப் போனபின், ஞாயிறு மதியங்களில் அவரும் தையல்கார மனைவியும் ஜிக்சா படம் சேர்ப்பார்கள். ஆயிரம் அட்டைத் துண்டுகளில் ஒரு கலங்கரை விளக்கம். மூன்று வாரம் கண்ணைக் கசக்கி, வானம்வரை வந்தாயிற்று. அன்று மனுஷன் ஐஸ் மிதக்கும் கிளாஸை அந்த வானத்தின்மேலேயே வைத்துவிட்டார். கிளாஸ் வேர்த்தது. நாலு துண்டு ஊறி உப்பிப்போனது. அவள் எல்லாவற்றையும் பெட்டியில் வாரிப் போட்டாள். ஒன்பது நாள் பேச்சில்லை.

பத்தாம் நாள் சொன்னாள்: "ஒண்ணு, மேசைல கிளாஸ் இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்."

கிளாஸை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். வாரமெல்லாம் ஊராருக்கு ஊற்றுகிறவர் தனக்கென்று ஊற்றிக்கொள்வது அந்த ஒன்றைத்தான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆனால் அவள் பக்கத்து நாற்காலி இல்லாத ஞாயிறு அவருக்கு ஞாயிறாகவே இல்லை.

ஐஸ் இல்லாமல் கலந்து பார்த்தார். தொண்டை எரிந்தது. அடச்சே, இத்தனை வருடமும் ஐஸ் குளிர்ச்சியை மட்டுமா கொடுத்தது? உருகி உருகித் தண்ணீரையும் அல்லவா கொடுத்தது! மறுநாள் வேலையில் ஐஸோடு குலுக்கி, வடிகட்டி, அளந்தார். மூன்று பங்கு ஊற்றினால் நாலு பங்கு வந்தது.

சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன ஐஸ்கட்டி, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?"

"பொண்டாட்டி வைக்கிற பரீட்சை. பெயிலானா அவ்வளவுதான்."

ஞாயிறு வந்தது. ரெண்டு பங்கு பிராந்தி, ஒரு பங்கு இனிப்பு ஒயின், ஒரு பங்கு சாதாரணத் தண்ணீர். மேலே ஆரஞ்சுத் தோலைப் பிழிந்துவிட்டார். கிளாஸைக் கொண்டுபோய், அவள் துணி வெட்ட அளவு வரையும் மெல்லிய தாளின்மேல் வைத்தார்.

கழுத்தில் டேப்போடு அவள் கால்மணி நேரம் கடிகாரத்தையே பார்த்தாள். பிறகு கிளாஸைத் தூக்கி, தாளை விரலால் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பொட்டு ஈரமில்லை.

அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கினாள். உப்பிய நாலு துண்டும் தட்டையாக, ஒரு துணியில் பொதிந்து மேலாக இருந்தன.

"எப்ப இஸ்திரி போட்ட?"

"அந்த ஒம்பது நாளும் நான் சும்மா இருந்தேன்னு நினைச்சீங்களா?"

அவர் தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

மூன்றாவது ஞாயிறு கடைசித் துண்டை அவள் அழுத்தினாள். வானம் முழுசானது. அவர் சின்னப் பிள்ளைபோல மேசையைத் தட்டிச் சிரித்தார். அவள் அவர் கிளாஸை எடுத்து, நிதானமாக, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"அடுத்த படம் ரெண்டாயிரம் துண்டு," என்றாள். "கிளாஸும் ரெண்டு."