மாயவன் கொல்லை

ரஞ்சன்குடி செல்லதுரைக்குச் சிங்கப்பூர்ல நூறு பேரை அதட்டி வேலை வாங்குற வாய். அந்த வாய், பெத்த தாய்கிட்ட ஒரே ஒரு பேச்சுப் பேச வராம அடைச்சுக்கிச்சே, அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது.

அவன் அம்மா ஆண்டாயி, ஊர்ல இருக்குற பழைய கோட்டைக்குக் கெழக்க மாயவனோட கொல்லையில காலமெல்லாம் பருத்தி எடுத்தவ. சாயங்காலம் வேலை விட்டதும் எல்லாரும் மடியை ஒதறிக் காட்டிட்டுத்தான் வரப்பு ஏறணும். ஒரு சொளை பருத்தி ஒட்டிக்கிட்டு இருந்தாலும் போச்சு, மாயவனோட ஆத்தா ஊரைக் கூட்டிருவா. பத்து வயசுல அதைப் பார்த்துட்டு நின்ன செல்லதுரை, "இந்தக் கொல்லையை வாங்குறேன் பாரும்மா, நீ ஒதறாம வெளிய வரணும்"னான். ஆண்டாயி சிரிச்சுக்கிட்டே அவன் தலையில ஒரு தட்டுத் தட்டுனா.

வெல்டரா சிங்கப்பூர் போனவன் சூப்பர்வைசர் ஆனான். பிள்ளைங்க படிப்புக்காக அந்த ஊர்ப் பிரஜையாவே மாறிட்டான். போன வருசம் மாயவனே கூப்பிட்டு, "மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், கொல்லையை எடுத்துக்கப்பா"ன்னதும், லீவு போட்டு ஓடியாந்து பெரம்பலூர்ல பத்திரம் எழுதுற செந்தில்குமார்கிட்ட போய் நின்னான்.

அவரு பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "சார், நீங்க இப்ப வெளிநாட்டுக்காரரு. வூடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நெலம் மட்டும் வாங்க முடியாது. தானமா எழுதிக் குடுத்தாலும் செல்லாது."

"சொந்த ஊர்லயுமாங்க?"

"எந்த ஊர்லயும்தான் சார். ஒரு வழி இருக்கு. பணத்தை அம்மாவுக்கே குடுத்துருங்க, அவங்க பேர்லயே வாங்கட்டும். அவங்க காலத்துக்கு அப்புறம் வாரிசா உங்களுக்கு வந்தா சட்டம் தடுக்காது."

அட, இதுக்கு மேல என்ன வேணும்? ஆனா 'அவங்க காலத்துக்கு அப்புறம்'ங்கறதையும் அம்மாகிட்ட சொல்லியாகணுமே. உனக்கு அப்புறம் எனக்கு வரும்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? எப்ப சாவேன்னு கேக்குற மாதிரி ஆயிடாதா? "சட்டத்துல எடமில்லம்மா, பாத்துக்கலாம்"னு மட்டும் சொல்லிட்டு ஃபிளைட் ஏறிட்டான்.

போன்ல ஆண்டாயி, "ஏஞ்சாமி, வேற வழியே இல்லையாமா?"ம்பா. "பாத்துக்கலாம்மா"ம்பான். மாயவன் எத்தனை நாளைக்குத்தான் காத்துக்கிடப்பாரு? கல்யாணம் நெருங்கவும் வேற ஆளுக்குக் கிரயம் பண்ணிக் குடுத்துட்டாரு. அடுத்த சோளம் அறுக்குறதுக்குள்ள ஆண்டாயியும் போய்ச் சேர்ந்துட்டா.

அவன் வந்து எறங்குனப்ப அவ ஐஸ் பெட்டிக்குள்ள கெடந்தா. குளிப்பாட்டிக் கோடி போத்துனதும், தங்கச்சி புவனேஸ்வரி தகரப் பொட்டியத் தொறந்து மடிப்புக் கலையாத ஒரு சேலையை எடுத்தாந்தா. மயில் கழுத்து நெறம்.

"ஏதுடி இது?"

"பத்திர ஆபீசுக்குக் கட்டிக்கிட்டுப் போறதுக்குன்னு வாங்கி வச்சதுண்ணா. அம்மா பேர்ல வாங்கலாம்னு அந்த செந்தில்குமாரு எங்கிட்டயும் சொன்னாரு. நான் அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"அதுக்கு அம்மா என்ன சொன்னுச்சு?"

"'எனக்கு அப்புறம் அவனுக்கா? நல்லதுதானடி, நான் என்ன சாவாமயா இருக்கப் போறேன்'னுச்சு. 'நீ அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாத, அவனா வந்து கூப்பிடட்டும், நானா கேட்டா கெழவிக்கு இருக்குற ஆசையப் பாருன்னு நெனச்சுக்குவான்'னு சொல்லிட்டு, நெதம் இந்தச் சேலையத் தொட்டுப் பார்த்துட்டு மூடி வச்சிடும்."

செல்லதுரை செவுத்துல தலையை முட்டிக்கிட்டு அழுதான். பங்காளிங்கதான் புடிச்சு இழுத்தாங்க.

சுடுகாட்டுப் பாதை அந்தக் கொல்லை ஓரமாத்தான் போவுது. மயில் கழுத்துச் சேலையோட பாடை அங்க வந்ததும், நிறுத்துங்கன்னான். கொட்டு நின்னுச்சு. குனிஞ்சு அவ காதுகிட்ட வாயை வச்சு, "உம்பேர்லயே வாங்கிடுவோம்மா, வாம்மா ஆபீசுக்கு"ன்னு அப்பத்தான் சொன்னான்.