ஒரு புத்தகம் கூடுதல்

எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகம் தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி உண்டு. தொலைத்த மாணவி அதே புத்தகத்தை வாங்கித் தர வேண்டும். தொலைந்த புத்தகம் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விதி கிடையாது. அப்படியும் நடக்கும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை. பதினோரு வருடம் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். டி.சி. கேட்டு வருகிறவர்கள், பஸ் பாஸ் கேட்டு வருகிறவர்கள், வெயிலில் நின்று கோபத்தோடு வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கோ தெரியாதவர்களிடம் பேச வாய் வராது. போன் அடித்தால், நான் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடட்டும் என்று மெதுவாக நடப்பேன். நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும் தலைமையாசிரியை அந்தச் சாவியை என்னிடம் கொடுத்தார். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மாடியில் கடைசி அறை. எட்டு பீரோ, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட். மற்ற நேரத்தில் யாரும் வர மாட்டார்கள். புத்தகங்களுக்கு அட்டை போடுவேன், பூச்சிக்கு வேப்பிலை வைப்பேன், முத்திரை குத்துவேன். முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் ஒரு பக்கம் என்று குத்தினால் போதும். நான் எல்லாப் பக்கத்திலும் குத்தினேன். நேரம் இருந்தது.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தேனீ வளர்ப்பு பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்றைத் தொலைத்தாள். அவளுடைய அப்பா திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருப்பவர். ஒரே வாரத்தில் அதே புத்தகத்தைத் தேடி வாங்கிக் கொண்டுவந்தார். பழைய எண்ணையே அதற்கும் போட்டு, எல்லாப் பக்கத்திலும் முத்திரை குத்தி, பீரோவில் வைத்தேன். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து பழைய புத்தகம் கிடைத்துவிட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டேன். இதுதான் நான் செய்த தவறு.

அடுத்த மாதம் நூலக இருப்புச் சரிபார்ப்பு என்று கடிதம் வந்தது. தலைமையாசிரியையிடம் போய் ஒரு புத்தகம் கூடுதலாக இருப்பதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"குறைஞ்சா பரவாயில்லீங்க. கரையான் அரிச்சுதுன்னு எழுதலாம், மழைத்தண்ணி இறங்குச்சுன்னு எழுதலாம். கூடினா என்னன்னு எழுதறது? புத்தகம் குட்டி போட்டுச்சுன்னா?"

"நன்கொடைன்னு எழுதலாமா மேடம்?"

"கொடுத்தவங்க லெட்டர் வேணும். கமிட்டி ஒப்புதல் வேணும். கமிட்டி கூடுறது ஜூன்ல." குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு ஸ்கூல்ல ரெண்டு நாற்காலி கூடுதலா இருந்துச்சு. விசாரணை இன்னும் முடியலை. அந்த ரெண்டு நாற்காலியிலதான் விசாரிக்க வர்றவங்க உக்காருறாங்களாம்."

பிறகு சொன்னதுதான் எனக்கு இடியாக இறங்கியது. பதிவேடு சரியில்லை என்று எழுதிவிட்டால் நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள். அந்த அறையை ஸ்மார்ட் கிளாஸுக்குக் கேட்டு ஏற்கெனவே இரண்டு மனு இருக்கிறது. "நீங்க மறுபடி ஜன்னலுக்கு வந்துட வேண்டியதுதான்."

அன்று மாலையே அந்தப் பெண்ணின் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். வீட்டு வாசலில் நின்று என்ன பேசுவது என்று மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு மணியை அழுத்தினேன்.

"சார், நீங்க வாங்கித் தந்த புத்தகத்தை நீங்களே திருப்பி வாங்கிக்கணும்."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "எல்லாப் பக்கத்துலயும் சீல் இருக்கே. நாளைக்கு யாராவது பாத்தா ஸ்கூல் புத்தகத்தை அமுக்கிட்டோம்னு சொல்ல மாட்டாங்களா?"

"அப்ப நன்கொடைன்னு ஒரு லெட்டராவது..."

"ஈடா கொடுத்ததை நன்கொடைன்னு எப்படிங்க எழுதறது? நான் தப்பான பேப்பர்ல கையெழுத்துப் போட்டதில்லைங்க." அவர் மனைவி காபி கொடுத்தார். குடித்துவிட்டுப் புத்தகத்தோடு இறங்கினேன்.

வீட்டில் ஒளித்து வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு முன்பு இருந்தவரின் வீட்டில் பள்ளி டஸ்டர் ஒன்று இருந்தது தெரிந்து, அவருடைய ஓய்வூதியத் தாள்கள் நான்கு மாதம் நகரவில்லை. துணிக்கே அப்படி. மாணவி யாரிடமாவது கொடுக்கலாம் என்றால், மறுநாள் காலை நடுக்கூடத்தில் நின்று, "மிஸ், எனக்குக் கொடுத்ததை நீங்க நோட்டுல எழுதவே இல்லை" என்று கத்துவாள்.

ஆகவே தொலைப்பது என்று முடிவு செய்தேன். என் வீடு மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில். மாலையில் திரும்பும்போது, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் புத்தகத்தை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். இரவு நன்றாகத் தூங்கினேன். காலையில் பஸ் ஏறியதும் கண்டக்டர் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"அக்கா, உங்க புத்தகம். நல்லவேளை எங்கிட்ட கிடைச்சுது. தேனீ வளக்கப் போறீங்களா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "ஆமாங்க" என்றேன். வேறு வழியில்லை. முன்சீட்டுப் பெரியவர் ஒருவர், மாடியில் தேன்பெட்டி வைத்தால் வாடகைக்கு ஆள் வராது என்று காவிரிப் பாலம் முடியும்வரை எனக்கு எடுத்துச் சொன்னார்.

அடுத்ததாகப் பழைய பேப்பர் கடை. கடைக்காரர் பக்கங்களைச் சர்ரென்று ஓட்டிப் பார்த்தார்.

"என்னக்கா இது, எழுத்தைவிட சீல்தான் ஜாஸ்தியா இருக்கு? இதை எங்கிட்ட கொடுக்கறதுக்கு நேரா போலீஸ் ஸ்டேஷன்லயே கொடுத்துடுங்க. எனக்கும் ஒரு நடை மிச்சம்."

காவிரியில் போட்டுவிடலாமா என்றுகூடப் பாலத்தில் ஒருநாள் நினைத்தேன். ஆற்றில் மணல்தான் இருந்தது. போட்டால் போட்ட இடத்திலேயே கிடக்கும்.

தலைமையாசிரியையிடம் தோற்றுப்போனதைச் சொன்னேன். "அவங்க எண்ணத்தான் போறாங்க. நம்பர் பாக்க மாட்டாங்க. எந்தப் புத்தகமா இருந்தா என்ன, ஒண்ணு குறைஞ்சா சரி. டீச்சர் யாராவது நோட்டுல எழுதாம ரெண்டு நாளைக்கு எடுத்து வச்சுக்கட்டும். நான் பாத்துக்கறேன், நீங்க பயப்படாதீங்க."

சரிபார்ப்புக்கு முதல் நாள் மதியம் தமிழம்மா மேலே வந்தார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பீரோவைத் திறந்து, ஊறுகாய் வகைகள் பற்றிய புத்தகம் ஒன்றை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார். அப்பாடா என்று இருந்தது. கால் மணி நேரத்தில் கணக்கு டீச்சர் வந்தார். அவரும் கண்ணைச் சிமிட்டினார். 'ஏற்கெனவே ஒருத்தர் எடுத்துவிட்டார்' என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் உதட்டில் விரலை வைத்து, "எனக்கு எல்லாம் தெரியும்" என்றார். ஜோதிடப் புத்தகம் போயிற்று. பிறகு அறிவியல் டீச்சர், பேய்க்கதை. அப்புறம் பி.டி. டீச்சர், மூட்டுவலிக்கு உடற்பயிற்சி. தலைமையாசிரியை ஒருவரை நம்பாமல் பலரிடம் சொல்லியிருக்கிறார், ஒவ்வொருவரிடமும் ரகசியம் என்று சொல்லியிருக்கிறார். ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரிடமும் நான் தலையை ஆட்டினேன். ஆறு முறை "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் போதும். என்னால் முடியவில்லை.

மறுநாள் சரிபார்க்க வந்தவர் வேறு பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர். மர ஸ்கேலால் ஒவ்வொரு புத்தகத்தையும் தட்டித் தட்டி எண்ணினார். இரண்டு தேனீப் புத்தகங்களையும் அடுத்தடுத்துத் தட்டிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். மதியம் முடித்தார்.

"ஆறு குறையுது" என்றார்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"டீச்சருங்க... படிக்க எடுத்துட்டுப் போயிருக்காங்க சார்" என்றார் அவர், பாதி உண்மையை மெதுவாக.

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். "படிக்கவா?"

"ஆமா சார்."

"நான் எத்தனையோ ஸ்கூல் பாத்துட்டேம்மா. எல்லா இடத்துலயும் ஒண்ணு கூடக் குறையாம டாண்ணு இருக்கும். ஏன் தெரியுமா? பீரோவைத் தொறக்கறதே இல்லை. இங்கதான் முதல் தடவையா குறையுது." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். எடுத்துப்போனவர்களைக் கூப்பிடச் சொன்னார்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும், புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் படித்திருந்தார்கள். தமிழம்மா நார்த்தங்காயை எத்தனை நாள் வெயிலில் வைக்க வேண்டும் என்று விளக்கினார். பி.டி. டீச்சர் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினார். அறிவியல் டீச்சர், முந்தின இரவு விளக்கை அணைக்கவே இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஏழாவது ஆள் வந்து நின்றபோது, ஆறு குறைவுக்கு ஏழு பேர் எப்படி என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறிக்கையை அங்கேயே எழுதினார். நூலகம் மிக நல்ல முறையில் பயன்படுகிறது, அறையை வேறு எதற்கும் மாற்றக் கூடாது, காலை மணி அடித்ததிலிருந்து மாலைவரை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கியது. அவர் கடைசியாக ஒரு வரி சேர்த்தார்: பொறுப்பாளர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிரேயரில் ஒரு புத்தகத்தைப் பற்றி மைக்கில் பேச வேண்டும்.

ஜன்னலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வருவார். பிரேயரில் எண்ணூறு பேர் நிற்பார்கள்.

முதல் திங்கட்கிழமை பி.டி. டீச்சர் மைக்கை என் உயரத்துக்கு இறக்கினார். நான் நின்றேன். அப்படியே நின்றேன்.

"சீக்கிரம் சொல்லுங்கக்கா, வெயில் ஏறுது. புள்ளைங்க மயங்கி விழுந்துடும்" என்று கிசுகிசுத்தார்.

கையிலிருந்த கதைப் புத்தகத்தின் பெயரை வாசித்தேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை. மூன்றாவது வரிசையில் ஒல்லியாக ஒரு பெண் கையைத் தூக்கி, "மிஸ், அதை நான் படிச்சுட்டேன்" என்றாள்.

"அப்ப நீயே வந்து சொல்லும்மா" என்றேன்.

அவள் ஓடி வந்தாள். முதல் பீரியட் மணி அடித்த பிறகும் கதையை நிறுத்தவில்லை. மைக் அவளுக்கு உயரமாக இருந்ததால், அதைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன்.