எழுத்தில்லாத குமிழி

ஓர்ஸ் ஹில்லில் உள்ள அலுவலகத்திலிருந்து வந்த களைப்பில், செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்திருந்தேன். பத்து வயது மகள், நூலகத்தில் எடுத்த சித்திரக்கதைப் புத்தகத்தை விரித்து என் மடியில் வைத்தாள்.

மகளுக்குத் திக்குவாய். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி, கோயிலில் நேர்த்தி, சொந்தக்காரர் சொன்ன கை மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் அலைந்து அலைந்து, புதிதாக யாராவது வழி சொன்னால் தலையை மட்டும் ஆட்டப் பழகியிருந்தேன்.

கதையில் வரும் சிறுமிக்கும் திக்குவாய்தான். வகுப்பில் ஆசிரியை பெயர் கேட்கிறார். சிறுமியின் வாயருகே பேச்சுக் குமிழி. உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. அடுத்த கட்டத்தில் அதே வெறும் குமிழி பெரிதாகிறது. அதற்கடுத்ததில் அவளைச் சுவரோடு வைத்து நெரிக்கிறது.

"இ... இப்பிடித்தான் அம்மா இருக்கும்," என்றாள் மகள். "சொல்லு உள்ளுக்கு இருக்கு. வ... வெளியில வராது. மெல்லமாக் கதை எண்டு ஆராவது சொன்னா இன்னும் பெ... பெருசாகும்."

நான் சிறுவயதில் வாசித்த படக்கதைகளில் பிள்ளைகள் கள்ளரைப் பிடித்தார்கள், புலியை வென்றார்கள். சொந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் நின்ற பிள்ளையை யாரும் வரைந்ததாக நினைவில்லை.

"ரீச்சரிட்டக் காட்டட்டோ?" என்றாள்.

"எனக்கு லீவு எடுக்க ஏலாது பிள்ளை."

"நீங்கள் வ... வரத் தேவையில்லை."

மறுநாள் அவளே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். ஆசிரியை அந்தப் பக்கத்தை நின்றபடியே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். பிறகு வாசிப்புப் பாடத்தில் இவளுடைய முறையும் வந்தது. மற்ற நாட்களில் இவளைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுபவர், அன்றைக்கு இவள் முடிக்கும்வரை காத்திருந்தாராம்.

"முழுக்க வாசிச்சியோ பிள்ளை?"

"ஓம். நா... நாலு வரி."

"சிரிச்சவையோ?"

"ரெண்டு பேர். பிறகு களைச்சுப் போய் விட்டிட்டினம்."

புத்தகத்தின் முடிவில் அந்தச் சிறுமிக்குச் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். அந்த ஆசை என்னை இன்னும் விடவில்லை.

"இல்லை. கடைக்குப் போய்த் தானே கே... கேட்டு ஐஸ்கிறீம் வாங்குறாள். அவ்வளவுதான்."

அரிசி போட எழும்பினேன். அவளும் பின்னாலேயே குசினிக்கு வந்து, கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். கஞ்சி வடித்த பிறகும் அது முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.