நீங்களே பார்த்துக் குடுங்க, மேடம்!

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை என் மைத்துனன் ராஜேன் சிங்கப்பூரின் அந்தக் கோடியில் இருக்கும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பிடோக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். முகம் நிறையச் சிரிப்பு.

"இன்டர்வியூ நல்லாப் போச்சு அத்தான்!"

ராஜேன் என் மனைவி கமலாவின் தம்பி. வயது ஐம்பத்து நான்கு. ஒரே கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கிடங்கு சூப்பர்வைசராக இருந்தவன். அந்தக் கம்பெனி கிடங்கை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்கு மாற்றியது. பெட்டிகளைக் கொண்டுபோனார்கள், ராக்குகளைக் கழற்றிக் கொண்டுபோனார்கள், இவனை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். நாலு மாதமாக வீட்டில் இருக்கிறான். மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருஷம் பாக்கி. அதனால் ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்ததும் எனக்கும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஆனால் நான் நிம்மதியாக இருக்கப் பிறந்தவன் இல்லையே. உடனே கேட்டேன்.

"சம்பளம் எவ்வளவு கேட்ட?"

ராஜேன் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்க ஆரம்பித்தான்.

"ராஜேன்... உன்னத்தான்."

"அவங்க கேட்டாங்க அத்தான். எவ்வளவு எதிர்பார்க்கறீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"யூ சீ அண்ட் கிவ் லா, மேடம்... அப்படின்னேன்."

நீங்களே பார்த்துக் குடுங்க! ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் மனிதவள அதிகாரியிடம்! பாவம், அந்தச் சீனப் பெண்மணி இந்த வாக்கியத்தை எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டார்.

நமக்கு மட்டும்தான் இது தெரியும். வீட்டுக்குப் பூஜை செய்ய வந்தவரிடம் எவ்வளவு என்று கேளுங்கள். "பார்த்துக் குடுங்க." கல்யாணத்துக்குக் கோலம் போட்டுக் கொடுத்த அம்மாவிடம் கேளுங்கள். "உங்களுக்குத் தெரியாததா, பார்த்துக் குடுங்க." போன மாதம் எங்கள் வீட்டு மின்விசிறியைப் பழுது பார்த்த நம்மவர் ஒருவரும் அதையேதான் சொன்னார். நான் நாற்பது வெள்ளி (டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கொடுத்தேன். அவர் அதை வாங்கி, பார்த்து, மடித்து, பையில் வைத்து, "பரவால்ல சார்" என்றார். அந்தப் 'பரவால்ல' என்னை ஒரு வாரம் படுத்தி எடுத்தது. குறைத்துக் கொடுத்துவிட்டேனா? அல்லது அதிகமோ? அதே மாதம் குழாய் சரிசெய்ய வந்த சீனர், "எய்ட்டி" என்றார். கொடுத்தேன். அவரும் நிம்மதி, நானும் நிம்மதி.

ராஜேனுக்குப் பேரம் பேசத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் அவனோடு ஆட்டிறைச்சி வாங்கப் போய்ப் பாருங்கள். "பாய், இது ஆடா, ஆட்டோட தாத்தாவா?" என்று ஆரம்பிப்பான். கடைக்கார பாய், "உங்க வயசுக்கு ஏத்தத எடுத்து வச்சேன்" என்பார். கடைசியில் இரண்டு வெள்ளி குறைத்து, ஈரலையும் இனாமாக வாங்கிக்கொண்டுதான் நகர்வான். ஆட்டுக்கு விலை சொல்லத் தெரிந்த மனிதனுக்குத் தன் விலையைச் சொல்ல நாக்கு வரவில்லை!

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்கள் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி. மறுநாள் மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பழைய சம்பளம் நாலாயிரத்து அறுநூறு.

நான் கணினியைத் திறந்தேன். இதே வேலைக்கு வந்திருந்த விளம்பரங்களை எல்லாம் தேடிப் படித்தேன். பெரும்பாலும் நாலாயிரத்து இருநூறிலிருந்து நாலாயிரத்து எண்ணூறு வரை போட்டிருந்தார்கள். வேலை தேடும் யாரும் இன்டர்வியூவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. காசு செலவில்லை. அரை மணி நேரம் போதும். சந்தை விலை தெரியாமல் சந்தைக்குப் போகலாமா?

சரி, நியாயமாக நாலாயிரத்து ஐநூறு என்று வைத்துக்கொள்வோம். மாதம் எழுநூறு வெள்ளி குறைகிறது. வருஷத்துக்கு எட்டாயிரத்து நானூறு. இன்னும் பத்து வருஷம் உழைப்பான் என்றால் எண்பத்து நாலாயிரம்! இதில் போனஸ் சேரவில்லை, முதலாளி கட்டும் மத்திய சேம நிதி சேரவில்லை. யூ, சீ, அண்ட், கிவ்... நாலு சொல். ஒரு சொல் இருபத்தோராயிரம் வெள்ளி. நம்ம ஊர் 'லா' மட்டும் இலவசம்.

வெள்ளிக்கிழமை காலையில் ராஜேனை வரச் சொன்னேன். கணக்கைக் காட்டினேன். அவன் அந்த எண்பத்து நாலாயிரத்தின் மேல் விரலை வைத்தான்.

"கேட்டா கொடுப்பாங்களா அத்தான்?"

"கேட்டாத்தானே தெரியும்."

"கேட்டதுக்குக் கோச்சுக்கிட்டு, வேலையே இல்லன்னு சொல்லிட்டா? நாலு மாசம் ஆச்சு அத்தான். இந்த மூவாயிரத்து எண்ணூறும் போச்சுன்னா... வீட்டுல நான் என்ன சொல்றது?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வெளியில் காட்டவில்லை. மரியாதையாக ஒரு தடவை கேட்டால் பெரும்பாலும் யாரும் வேலையைப் பிடுங்க மாட்டார்கள், 'முடியாது' என்றுதான் சொல்வார்கள் என்றேன். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

ஒத்திகை ஆரம்பமானது. கமலா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதிகாரியாக உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் ராஜேந்திரன், உங்களுக்கு எவ்வளவு சம்பளம் வேணும்?"

"அக்கா, நீ காலையில மாத்திர போட்டியா?"

"டேய், நான் அக்கா இல்லடா. மேனேஜர்."

நான் விதியைச் சொன்னேன். தொகையைச் சொல். உடனே வாயை மூடு. அவர்கள் பேசும்வரை திறக்காதே. அவ்வளவுதான்.

ராஜேன் மூச்சை இழுத்தான். "நாலாயிரத்து ஐநூறு" என்றான், எதையோ திருடிவிட்டு ஒப்புக்கொள்பவன் போல. ஒரு நொடி போனது. "இல்லன்னாலும் பரவால்ல அக்கா."

மறுபடி. "நாலாயிரத்து ஐநூறு... பையன் படிக்கிறான், வீட்டுக் கடன் வேற இருக்கு..."

"உன் கடன அவங்க ஏண்டா கட்டணும்?" என்றாள் மேனேஜர்.

சரியான கேள்விதானே? நாம் சம்பளம் கேட்கும்போது கஷ்டத்தைத்தான் சொல்கிறோம், வேலையைச் சொல்வதில்லை. "சரி, இருபத்திரண்டு வருஷத்துல நீ என்ன செஞ்ச, அதச் சொல்லு" என்றேன்.

"என்ன அத்தான் பெருசா... வேலதான் செஞ்சேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கமலா கண்ணாடியைக் கழற்றினாள்.

"டேய் ராஜேன், உன்கிட்ட பெரியசாமின்னு புதுக்கோட்டைப் பையன் ஒருத்தன் வேல செஞ்சானே. அவனுக்குச் சம்பளம் ஏத்தணும்னு பாஸ் ரூமுக்குப் போய்ச் சண்ட போட்டியே, அப்ப என்ன சொன்ன?"

அவ்வளவுதான். ராஜேன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பின்ன என்னக்கா! ஒரு நாள் லேட்டா வந்ததில்ல அவன். அவன் கையில ஒரு பெட்டி உடைஞ்சதில்ல. ராத்திரி லாரி வந்தா கூப்பிடாமயே வந்து நிப்பான். அவனுக்குப் போய்க் கணக்குப் பார்த்தீங்கன்னா, நாளைக்கு வேற ஆளு தூக்கிட்டுப் போயிடுவான், அப்புறம் நீங்க அழுவீங்கன்னு பாஸ் மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்!"

மேஜையில் தட்டினான். ஓர் ஆரஞ்சு உருண்டு ஓடியது.

"கொடுத்தாங்களா?"

"கொடுக்காம?"

"அதத்தான் இப்பவும் செய்யப் போற" என்றாள் கமலா. "பெரியசாமிய எடுத்துட்டு உன் பேரப் போடு. உனக்கு நீ கேக்காத. ராஜேந்திரன்னு ஒருத்தன் உன்கிட்ட வேல செய்யறான். அவனுக்காகக் கேளு."

முப்பத்தைந்து வருஷம் கணக்குத் துறையில் இருந்த எனக்கு இந்த யோசனை சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஆனால் ராஜேன் கைப்பேசியை எடுத்துவிட்டான். ஒலிபெருக்கியைப் போட்டான். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. உங்களுக்குத் தமிழில் தருகிறேன்.

"சொல்லுங்கள், மிஸ்டர் ராஜேந்திரன்" என்றது அந்தப் பக்கம்.

"மேடம், நான் அந்த ராஜேந்திரனைப் பற்றித்தான் பேச வேண்டும்."

"...ஓகே?"

"அவன் இருபத்திரண்டு வருஷமாகக் கிடங்கு நடத்தியவன். மூன்று ஷிப்ட், நாற்பது ஆட்கள். அவன் இருந்தவரை ஒருவருக்கும் பெரிய அடி பட்டதில்லை. இருப்புக் கணக்கில் பொருள் குறைந்ததில்லை. நீங்கள் மூவாயிரத்து எண்ணூறு கொடுத்தால் அவன் சரி என்றுதான் சொல்லுவான், மேடம். நல்ல ஆள். ஆனால் கேட்கத் தெரியாது. அதனால்தான் நான் பேசுகிறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "அப்படியானால், அவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?"

"நாலாயிரத்து ஐநூறு."

வாயை மூடினான்!

நீங்கள் நம்ப மாட்டீர்கள், நிஜமாகவே மூடினான். அந்த அமைதியை என்னால்தான் தாங்க முடியவில்லை. 'நாலாயிரத்து இருநூறு கொடுத்தாலும் போதும்' என்று கத்திவிடுவேனோ என்று பயந்து கமலா என் கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு அழைக்கிறேன்" என்று அந்தப் பெண்மணி வைத்துவிட்டார்.

அடுத்து வந்தது நரகம். ராஜேன் கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தான். "போச்சு அத்தான், கோச்சுக்கிட்டாங்க" என்றான். நான் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன், வேறு என்ன செய்ய? கமலா மட்டும் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

கைப்பேசி அடித்தது.

"நாலாயிரத்து முந்நூறு. அதற்கு மேல் பட்ஜெட்டில் இடமில்லை. மிஸ்டர் ராஜேந்திரனிடம் சொல்லிவிடுங்கள்" என்றார் அந்தப் பெண்மணி. அவரும் நாடகத்தில் சேர்ந்துவிட்டார்!

நான் இரண்டு கைகளையும் தூக்கி 'சரின்னு சொல்லு' என்று ஜாடை காட்டினேன். ராஜேன் என்னைப் பார்க்கவே இல்லை.

"அவனிடம் பேசிவிட்டு அழைக்கிறேன், மேடம்."

வைத்துவிட்டான்.

"டேய்! யாருகிட்டடா பேசப் போற?" என்று அலறினேன்.

"உடனே சரின்னா மலிவாப் போயிடும் அத்தான்" என்றான் சாவகாசமாக. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே காப்பிக் கடைக்குப் போனான். ஒரு தே தாரிக் குடித்தான். நான் சன்னலில் நின்று அவன் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு மெதுவாகத் தேநீர் குடிக்கும் மனிதனை நான் பார்த்ததே இல்லை.

மேலே வந்து அழைத்தான்.

"மேடம், பேசிவிட்டேன். சரி என்கிறான். ஆனால் ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ் இல்லாத நேரத்தில் வீட்டுக்குப் போக டாக்சி செலவு கேட்கிறான்."

கொடுக்கிறோம் என்றார்கள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

நான் கடைசியாக ஒரு கணக்குப் போட்டேன். மாதம் ஐநூறு, பத்து வருஷத்துக்கு அறுபதாயிரம் மீண்டது. இன்னும் இருபத்து நாலாயிரம்...

"அந்தப் பேனாவ வைங்க" என்றாள் கமலா.

வைத்துவிட்டேன். ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு, தங்கைக்கு, கீழே வேலை பார்க்கும் ஆளுக்கு என்றால் நமக்கு வாய் கிழியும். நமக்கென்று வரும்போது, ஆசை பிடித்தவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு மாதாமாதம் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்துகொள்கிறார்கள்... பே ஸ்லிப்பில் அது மட்டும் அச்சாகி வருவதில்லை. கேட்க முடியவில்லையா? உங்களை உங்களிடம் வேலை பார்க்கும் ஒரு நல்ல ஆளாக நினைத்துக்கொண்டு கேளுங்கள். எதிர்ப்பக்கம் சிரித்தால் சிரிக்கட்டும்.

சாப்பிட்டுவிட்டு ராஜேன் கிளம்பினான். வாசலில் குனிந்து செருப்பை மாட்டியவன் நிமிரவே இல்லை. வாரைச் சரிசெய்வது போல அப்படியே இருந்தான்.

"பாவம் அத்தான் அந்த ஆளு" என்றான். "நாலு மாசமா ரொம்பப் பயந்துட்டான். யார்கிட்டயும் சொல்லல."

"இனிமே சொல்லச் சொல்லு அவன" என்றேன்.