எக்ஸ்சேஞ்சுக்கு எதிர்வீடு

மகளுக்குக் கூத்தாநல்லூரிலேயே மாப்பிள்ளை பார்த்து நிச்சயத்துக்கு நாள் குறித்தோம். துபாயில் இருக்கும் என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் வந்து சம்பந்தி வீட்டாரிடம் பேசுவதாக ஏற்பாடு. அதற்காகவே வீட்டுக்குப் பிராட்பேண்ட் இழுத்தோம். விளம்பரத்தில் போட்டிருந்த வேகத்துக்கு அவர் நேரிலேயே வந்து இறங்கிவிடலாம்.

ஒத்திகை பார்த்தோம். டிவியில் தெரிந்தவர் "அஸ்ஸலாமு" என்றதும் திறந்த வாயோடு நின்றுவிட்டார். "அலைக்கும்" வருவதற்குள் நான் டீ போட்டுக் குடித்துவிட்டேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ப் புகார் சொன்னேன். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்து, "இங்கேர்ந்து ஃபுல் ஸ்பீடுலதான் போகுதும்மா" என்றார்.

"வீட்டுக்கு வந்து சேரலைங்களே."

"உங்க வீடு ஆத்தங்கரைல இருக்கு. கம்பி நீள நீள ஸ்பீடு கொறையும். தண்ணி மாதிரிதான், நீங்க கடைமடை."

"அதுக்கு என்னங்க வழி?"

"ஃபைபர் வரும்."

"எப்பங்க?"

"வரும்மா" என்றவர், கொஞ்சம் யோசித்து, "இந்தத் தெருவுல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார். அரசாங்கத் தொழில்நுட்பத்தின் கடைசி ஆலோசனை அது.

இருந்தார். எக்ஸ்சேஞ்சுக்கு எதிர்வீடே நான் மச்சி என்று கூப்பிடும் என் நாத்தனார் வீடு. பாகம் பிரித்தபோது ஆற்றங்கரைப் பெரிய வீடு எங்களுக்கும் அந்தச் சின்ன வீடு அவருக்கும் வந்தது. அன்றோடு பேச்சு நின்றது. எக்ஸ்சேஞ்ச் ஜெனரேட்டர் சத்தத்தில் தூக்கமே போயிற்று என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போய்க் கதவைத் தட்டினேன்.

"வா. நெட்டுக்குத்தானே?" என்றார்.

"இல்ல மச்சி, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு..."

"பாஸ்வேர்டு என் தம்பி பேருதான். போட்டுக்க."

போனை எடுத்து என் கணவர் பெயரைத் தட்டினேன். உடனே திறந்துகொண்டது.

நிச்சயம் அங்கேயே நடந்தது. என் கணவர் மீசைக்கு அடித்திருந்த சாயம்கூடத் தெரியும் அளவுக்குப் படம் துல்லியம். தடங்கலே இல்லாததால் அவரும் நிறுத்தவில்லை. துபாய் வெயில், மாப்பிள்ளையின் கடமைகள், ஏசியை எத்தனையில் வைக்க வேண்டும் என்பதுவரை பேசினார். லைன் அறுந்துபோகாதா என்று முதல்முறையாக ஏங்கினேன். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"எல்லாத்துக்கும் சம்மதங்க" என்று சம்பந்தி குறுக்கே புகுந்து முடித்துவைத்தார்.

அதன் பிறகு என் கணவர் வெள்ளிக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குத்தான் கூப்பிடுகிறார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நான் அங்கே போய்விட வேண்டும். அக்காவும் தம்பியும் பேசி முடித்த பிறகு போன் என் கைக்கு வரும்.