ரயில் வாசலில் தெரிந்த கை

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. சீவலப்பேரி பேச்சித்தாய் இரண்டு வருஷமாக விடாமல் பார்த்துவந்த நாடகம் அன்றைக்குத்தான் கடைசியாக ஒளிபரப்பானது. கடைசி என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

சேனலில் என்ன பெயர் போட்டிருந்தாலும் ஊரில் அது அமுதவல்லி நாடகம். பகல் இரண்டரைக்கு வரும். பேச்சித்தாய்க்கு வயது நாற்பத்தாறு. பிசான நெல் நடவுக் காலத்தில் ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வயலில் இறங்குகிறவள். யார் வயலுக்கு என்றைக்குப் போவது, எப்போது இறங்குவது, எப்போது ஏறுவது எல்லாம் அவள் சொல்வதுதான். விடியும்போது இறங்கினால் பகல் இரண்டுக்குள் கரையேறிவிடுவார்கள். "மிச்சம் இருந்தா நாளைக்கு வாரோம் அண்ணாச்சி" என்று வயல்காரரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். காரணம் அவருக்கும் தெரியும். அவர் வீட்டிலும் அதே நாடகம்தான் ஓடிக்கொண்டிருக்கும். முந்தின நாள் பார்க்காதவள் ஒருத்தி கூட்டத்தில் இருந்தால், நாற்றுமுடியை அவிழ்க்கும்போது கதையை ஆரம்பித்து எதிர் வரப்புக்குப் போவதற்குள் முடித்துவிடுவார்கள்.

கதையில் அமுதவல்லியின் மகன் கதிர், ஐந்து வயசுப் பயல், ரயில் நிலையத்துக் கூட்டத்தில் காணாமல் போனான். அது புரட்டாசியில். மறுநாள் செவ்வாய்க்கிழமை. பேச்சித்தாய் துர்க்கையம்மன் கோயிலுக்குப் போனது தன் வீட்டுக் காரியமாகத்தான். அவள் புருஷன் இசக்கிமுருகன் கொத்தனார். ஊரெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவர், சொந்த வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கட்டிக்கொண்டிருந்தார். மேல்தளம் போடும் வேலை அந்த வாரம். அது நல்லபடியாக முடிய வேண்டும் என்று கும்பிட்டவள், அதே மூச்சில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"ஆத்தா, அந்தப் பய கதிரு தாய்கிட்ட வந்து சேந்துட்டாம்னா உன் வாசல்ல பானை வச்சுப் பொங்கலிடுதேன்."

பக்கத்தில் நின்ற முத்துராணி, நடவில் எப்போதும் அவளுக்கு அடுத்த ஆளாக நிற்பவள், சிரித்த சிரிப்பில் விளக்குக்குக் கொண்டுவந்த எண்ணெயில் பாதி சிந்திப் போனது.

"ஏட்டி, டிவிப் பெட்டிக்குள்ள இருக்கவனுக்கா நேருத?"

"ஆத்தாளுக்குப் பெட்டிக்கு உள்ளயும் வெளியயும் ஒண்ணுதாம்ட்டி."

தளம் நல்லபடியாக முடிந்தது. கதிர்தான் கிடைக்கவில்லை. அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை அமுதவல்லி நடைமேடையில் ஓடுகிறாள். ரயில் மெதுவாக வந்து நிற்கப்போகிறது. ஒரு பெட்டியின் வாசலில் கம்பியைப் பிடித்தபடி ஒரு சின்னக் கை. கை மட்டும்தான். 'தொடரும்' என்று போட்டார்கள். திங்கட்கிழமை இரண்டரைக்கு அந்த இடத்தில் ஒரு சமையல் நிகழ்ச்சி; இரண்டு பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு முட்டைக் குழம்பு வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை கத்திரிக்காய்.

பேச்சித்தாய் கேபிள்காரன் சிவகணேஷை அவன் வீட்டு வாசலிலேயே மறித்தாள்.

"ஏலே சிவகணேசு, எங்கலே நாடகம்?"

"பாக்க ஆளு குறைஞ்சு போச்சாம் அக்கா, நிறுத்திட்டாவ. வயரு மட்டுந்தான் என்னுது. அதுல வாரது போறதெல்லாம் மெட்ராஸ்காரம் பாடு."

"ஆளு குறைஞ்சுதா? எங்ககிட்ட வந்து எண்ணிப் பாத்தானா?"

சேனலின் தொலைபேசி எண்ணை அவனையே தேடித் தரச் சொல்லி வாங்கினாள். கூப்பிட்டால், தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்ன பதிவுக் குரல், ஒன்றை அழுத்தியதும் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டது. மூன்று நாள் முயன்றாள். ஒவ்வொரு தடவையும் நன்றிதான் கிடைத்தது.

நாடகம் நின்றது மட்டுமென்றால் நாலு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பாள். ஆனால் புது வீட்டில் பால் காய்ச்ச தை பதினெட்டு, வெள்ளிக்கிழமை என்று இசக்கிமுருகன் நாள் குறித்து, சாத்தான்குளத்தில் இருக்கும் தங்கச்சி வீடு வரைக்கும் சொல்லிவிட்டார். ஆத்தாளுக்கு நேர்ந்தது பாக்கி இருக்கையில் புது வாசல் மிதிக்கிற பழக்கம் பேச்சித்தாய் பிறந்த வீட்டில் கிடையாது.

"ஒரு பானைப் பொங்கல்தான? வச்சுத் தொலைச்சிரு" என்றார் இசக்கிமுருகன்.

"கிடைச்சா வைக்கேம்னுதான சொன்னேன். கிடைக்காத பயலைக் கிடைச்சுட்டாம்னு ஆத்தாகிட்டப் பொய் சொல்லவா?"

"அப்போ வைக்காத."

"அந்தக் கை அவன் கைன்னா? வந்து சேந்துட்டாம்லா? வைக்காட்டா நான் ஏமாத்துக்காரி ஆயிருவேன்."

"அப்போ எனக்கு வீடு?"

"வீடு ஓடியா போகுது? எனக்கு விவரம் தெரியணும். தெரிஞ்சாத்தான் நான் அங்கன காலெடுத்து வைப்பேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கே ஏற்கெனவே எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "கதிர் வந்தானா வே?" என்று கேட்டார்கள். அவர் டீ குடிக்காமலே திரும்பி வந்தார்.

மார்கழி முழுக்க இப்படியே போனது. பொங்கலுக்கு முந்தின நாள் முத்துராணி ஒரு நோட்டீஸோடு ஓடிவந்தாள். பாளையங்கோட்டையில் புதுசாக ஒரு ஜவுளிக்கடை. தை மூன்றாம் தேதி திறப்பு விழா. திறந்து வைப்பவர் சின்னத்திரை நட்சத்திரம் சித்ரலேகா. படத்தில் கைகூப்பி நின்றது அமுதவல்லியேதான்.

இருவரும் காலையிலேயே டவுன் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். கடை வாசலில் அதற்குள் தெரு அடைத்துக் கூட்டம். செண்டைமேளம், பலூன் வளைவு, செல்போனை உயர்த்திப் பிடித்த கைகள். முத்துராணி கூட்டத்துக்குள் தலையை நுழைக்கப் பார்த்தாள். பேச்சித்தாய் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"இதுக்குள்ள போனா அவ தலைமுடிகூடத் தெரியாது. இம்புட்டுக் கூட்டத்துல முன்வாசல் வழியா வந்தவ அதே வழியாவா திரும்பிப் போவா? காரு எங்கன நிக்குன்னு பாரு."

கார் கடைக்குப் பின்னால் சந்தில் நின்றது. டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் பின்கதவுக்கு நேராக நின்றாள். வெயில் ஏறியது. "பைய அந்த நிழலுக்குப் போவோமாட்டி?" என்றாள் முத்துராணி. பேச்சித்தாய் நகரவில்லை.

ஒரு வழியாகச் சித்ரலேகா பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். தடுக்க வந்த கடைப் பையனைப் பேச்சித்தாய் ஒரு கையால் ஒதுக்கினாள்.

"தாயி, ஒரே ஒரு கேள்வி. பய கிடைச்சானா, இல்லையா?"

சித்ரலேகா சிரித்தாள். செல்ஃபிக்கு முகத்தைத் திருப்பினாள். எதிரே செல்போன் இல்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"கதிரையா கேக்குறீங்க? தெரியாதுக்கா. மேக்கப் போட்டு உக்காந்திருந்தேன், இன்னையோட ஷூட்டிங் இல்லைன்னு போன்ல சொன்னாங்க. எனக்கே யாரும் கதையோட முடிவைச் சொல்லல."

"அந்தக் கை?"

"எந்தக் கை?"

"ரயில் வாசல்ல தெரிஞ்சுதே."

சித்ரலேகா கொஞ்சம் யோசித்தாள். "அதுவா! அன்னைக்கு அந்தப் பையனுக்குக் காய்ச்சல், வரல. லைட் வேலை பாக்குறவரு தன் பொண்ணைக் கூட்டிட்டு வந்திருந்தாரு. அந்தப் பாப்பா கையைத்தான் எடுத்தாங்க."

"பொம்பளப் புள்ள கையா!" என்று முத்துராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேச்சித்தாய் நேர்ச்சை விவரத்தை முழுக்கச் சொன்னாள். கேட்கக் கேட்கச் சித்ரலேகாவின் முகம் மாறியது. "எனக்காகவாக்கா நேர்ந்தீங்க?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படியும் கடைசியில சேர்த்து வச்சிருப்பாங்க. கிடைச்சுட்டான்னே வச்சுக்குங்க."

"நீ வச்சுக்கலாம் தாயி. நான் ஆத்தாகிட்டச் சொன்னவ. அது அவன் கை இல்லைன்னா அவன் இன்னும் வரல. அம்புட்டுத்தான்."

கார் கிளம்பிய பிறகு இருவரும் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பாவிப் பய, எங்கன கிடக்கானோ" என்றாள். முத்துராணி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பேச்சித்தாய் வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்குப் போனாள். நடை சாத்தியிருந்தது. கம்பிக்கதவுக்கு வெளியே நின்றே சொன்னாள்.

"ஆத்தா, விசாரிச்சுட்டேன். பய இன்னும் வரல. அதனால நானும் பானை வைக்கல. உம்மேல குத்தம் இல்ல, எம்மேலயும் இல்ல. என்னைக்கு வந்தாலும் என் வாக்கு வாக்குதான்."

இசக்கிமுருகன் வாசலில் காத்திருந்தார். "வந்தானா?" என்று கேட்டார். இந்த ஒன்றரை மாதத்தில் கேலியில்லாமல் அவர் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"வரல. நீங்க வெள்ளையடிக்க ஆளைச் சொல்லுங்க."

தை பதினெட்டு விடிவதற்கு முன் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். டிவிப் பெட்டி மறுநாள் போகிறது. கேபிள் இழுக்கச் சிவகணேஷிடம் சொல்லியாயிற்று.