அர்ச்சுனன் மிதித்துப் பார்த்து வாங்கிய பெட்டி

ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங் தொழிற்சாலையொன்றில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அர்ச்சுனனுக்கு வார இறுதியில் வேறு உத்தியோகம். பத்துமலை என்பவனின் இசைக்குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பான். பாகான் செராயிலிருந்து பாகான் டத்தோ வரை எங்கே கல்யாண விருந்து என்றாலும் இவர்களுடைய வேன் போய் நிற்கும். காலால் மிதித்துக் கிட்டாரின் குரலை மாற்றுகிற பெடல்களை, எதிரொலிக்கு ஒன்று, உறுமலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கி, பழைய அலமாரிக் கதவொன்றில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தான். அந்தக் கதவைத் தூக்குவதற்கே இரண்டு ஆள் வேண்டும்.

பாகான் செராய் விருந்தில்தான் வினை வந்தது. மணப்பெண் மண்டபத்துக்குள் அடியெடுத்து வைக்கும்போது மெல்லிய மெட்டொன்றை ஆரம்பிக்க வேண்டியவன், எதிரொலியை மிதிப்பதற்குப் பதில் உறுமலை மிதித்துவிட்டான். மரம் அறுக்கிற இயந்திரம் உள்ளே நுழைந்த மாதிரி ஒரு சத்தம். பெண்ணின் அத்தை ஆரத்தித் தட்டைக் கீழே போட்டாள். பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணே, அந்தக் கதவத் தூக்கிப் போடுங்க லா. எல்லாச் சத்தமும் ஒரே பெட்டியில வருதுல்ல, அத வாங்குங்க," என்றான் பத்துமலை.

அன்றிலிருந்து அர்ச்சுனன் யூடியூப்பில் குடியேறினான். அங்கே வெள்ளைக்காரப் பையன்கள் ஆளுக்கொரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடலை வைத்துக்கொண்டு பேசினார்கள். ஒருவன் தங்கம் என்றதை இன்னொருவன் குப்பை என்றான். அர்ச்சுனன் காலையில் ஒரு பெட்டியை நிச்சயம் பண்ணி, சாயங்காலம் இன்னொன்றுக்கு மாலை மாற்றினான். சோற்றைப் பிசையும்போதும் கைப்பேசியையே பார்த்தவனை மனைவி சரளா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஈப்போவில் சப்பாத்துக் கடையில் வேலை. மனிதர்களைக் கணுக்காலுக்குக் கீழேதான் அவள் அளப்பாள்.

"காலால மிதிக்கிற சாமானக் கண்ணால பாத்து எப்படிங்க வாங்குவீங்க? கெளம்புங்க, கடைக்குப் போலாம்."

இசைக்கருவிக் கடையில் தீபன் என்ற குடுமிக்காரன் இருந்தான். அவன் முதலில் எடுத்து வைத்தது அர்ச்சுனன் கனவில் கண்ட அதே பெட்டி. தொடுதிரை, உள்ளே எண்ணித் தீராத சத்தங்கள். ஆனால் திரையில் எழுத்தெல்லாம் எறும்பு. நின்றபடி படிக்க முடியாமல் அர்ச்சுனன் இடுப்பை வளைத்தான். மூக்குக் கண்ணாடி கழன்று பெட்டிமேல் விழுந்தது.

"பாட்டுக்குப் பாட்டு இப்படிக் குனிஞ்சீங்கன்னா, பொண்ணும் மாப்பிள்ளையும் ஆசீர்வாதம் பண்ணிருவாங்க," என்றாள் சரளா.

அடுத்தது உள்ளங்கையகலப் பெட்டி. சரளா பையிலிருந்து அவனுடைய கருப்புச் சப்பாத்தை எடுத்துக் கீழே வைத்தாள். "மேடைக்கு இதத்தானே போடுவீங்க? போட்டுக்கிட்டு மிதிங்க."

மிதித்தான். ஒரு மிதிக்கு இரண்டு பொத்தான் அமுங்கின. கிட்டார் தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டே ஹெலிகாப்டரைக் கூப்பிட்டது.

"அக்கா, இங்க யாரும் சப்பாத்து கொண்டாந்ததில்ல," என்றான் தீபன்.

"கொண்டாரச் சொல்லுங்க தம்பி. இவருக்குப் பாதம் அகலம்."

மூன்றாவது நீளமாக, கனமாக இருந்தது. பொத்தான்களுக்கு நடுவே தாராளமாக இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற விளக்கு. அர்ச்சுனன் முகம் சுருங்கியது. "இது பழைய மாடல் லா. யூடியூப்ல இதப் பத்தி யாருமே பேசல."

"நல்லதாப் போச்சு. வாசிங்க," என்றாள் சரளா.

பச்சை விளக்கை மிதித்து, எதிரொலியோடு ஒரு மெட்டை வேண்டாவெறுப்பாகத் தொடங்கினான். இரண்டாம் வரிக்கு வரும்போது வெறுப்பு போய்விட்டது. அந்தப் பக்கம் டிரம் தட்டிக்கொண்டிருந்த சீனர் கையை நிறுத்தினார். வார இறுதியில்தான் சப்பாத்து வியாபாரம் என்பதால் சரளா அவன் கச்சேரிக்குப் போனதே கிடையாது. வீட்டில் அவன் பக்கத்து வீட்டுக்குப் பயந்து மின்சாரம் போடாமல் வாசிப்பான்; அது கொசு பாடுவது போலிருக்கும்.

"இது நீங்க வாசிக்கிறதா, பெட்டி வாசிக்கிறதா?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"அப்ப இதையே எடுத்துக்குங்க."

அடுத்த கச்சேரி பாகான் டத்தோவில். சரளா விடுப்பெடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பெண் நுழைந்தாள், அர்ச்சுனன் பச்சையை மிதித்தான், எல்லாம் தேனாகப் போனது. ஆனால் அடுத்த பாட்டில் காலைப் பொத்தான்மேல் வைத்தவன் எடுக்க மறந்தான். அழுத்தியே பிடித்தால் பெட்டி சுருதி சேர்க்கப் போய்விடும், வெளியே சத்தம் வராது என்று தீபன் சொன்னது காதில் ஏறியிருக்கவில்லை. எதை மிதித்தாலும் கிட்டார் ஊமை. நிறுத்தினால் மானம் போகும் என்று கண்ணை மூடி, தலையை ஆட்டி, முழுப் பாட்டையும் சத்தமில்லாமலே வாசித்து முடித்தான். கூட்டம் கைதட்டியது.

"இன்னிக்கித்தான் அண்ணே அளவா, பாடுறவங்களுக்கு எடம் விட்டு வாசிச்சீங்க," என்றான் பத்துமலை.

பந்தியில் சரளா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ரெண்டாவது பாட்டுல நீங்க வாசிக்கவே இல்லதானே?"

அர்ச்சுனன் அப்பளத்தை இலையில் வைத்தான். "யாருக்குமே தெரியல. ஒனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

"நான் ஒங்களக் கேக்கத்தானே லீவு போட்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டு அவள் ரசத்துக்குக் கை நீட்டினாள்.